அறிதலும் நடைமுறையும்: மருத்துவமனைத் தரமேம்பாட்டு வரலாற்றில் வியன்னாவும் மிச்சிகனும்

முன்னுரை

ஒரு மருத்துவ முறை பயன் தருவது என நிறுவப்படுவது ஒன்று; அது ஒவ்வொரு நோயாளிக்கும் தவறாமல் கிடைப்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவையே செயலாக்க அறிவியல் தன் ஆய்வுப்பொருளாகக் கொள்கிறது. கைகழுவும் முறையை வலியுறுத்திய இக்னாஸ் செம்மல்வைஸ், காலத்தால் புறக்கணிக்கப்பட்ட மேதையாகவே பெரிதும் சித்திரிக்கப்படுகிறார். அவரது பணியைக் கண்டுபிடிப்பாக மட்டுமன்றிச் செயலாக்க முயற்சியாகவும் வாசித்து, 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நிகழ்ந்த தொற்றுத் தடுப்பு முயற்சியோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியன்னா: எண்களும் காரணமும்

வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவு இரண்டாக இயங்கியது. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியரும் பயிற்சி பெற்றனர். கருவுற்ற பெண்கள் நாள்முறை வைத்து இரு பிரிவுகளிலும் மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். 1846இல் முதற்பிரிவில் இறப்பு 11.4 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 2.8 விழுக்காடு. ஒரு பெண் உயிர் பிழைப்பது அவள் மருத்துவமனைக்கு வந்த நாளைப் பொறுத்திருந்தது எனலாம்.

1847 மார்ச்சில், பிணக்கூறாய்வின்போது கத்தி பட்டுக் காயமுற்ற பேராசிரியர் யாக்கப் கொலெச்கா இறந்தார். அவரது உடலில் காணப்பட்ட மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலால் இறந்த பெண்களின் உடல்களிலும் காணப்பட்டவையே. பிணக்கூறாய்வு செய்த கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்ற முடிவுக்கு இது செம்மல்வைஸை இட்டுச்சென்றது. 1847 மே மாதத்தின் நடுவில் சலவைத்தூள் கரைசலில் கைகழுவுதல் கட்டாயமாக்கப்பட்டது. ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூனில் 2.2 விழுக்காடாகக் குறைந்தது.

கண்காணிப்பும் அதன் எல்லையும்

இவ்வெற்றி நேர்கோட்டில் தொடரவில்லை. 1847 அக்டோபரில், கருப்பைப் புற்றுநோயுற்ற ஒரு பெண்ணைச் சோதித்தபின் சோப்பால் மட்டுமே கைகழுவி அடுத்தவர்களைச் சோதித்ததால், 12 பெண்களுள் 11 பேர் இறந்தனர். பிணத்திலிருந்து மட்டுமன்றி, உயிருள்ள நோயாளியிடமிருந்தும் நோய் பரவும் என்பது இதனால் தெளிவாயிற்று. விதியும் அதற்கேற்ப விரிவாக்கப்பட்டது. கைகழுவுவதில் அலட்சியம் காட்டிய மாணவர்கள் மீது கட்டுப்பாடும் கடுமையாக்கப்பட்டது. 1848ஆம் ஆண்டு முழுமைக்கும் முதற்பிரிவின் இறப்பு 1.27 விழுக்காடே. மாதந்தோறும் அளத்தல், பிழையிலிருந்து கற்றல், முறையைத் திருத்துதல் ஆகிய இன்றைய தரமேம்பாட்டின் கூறுகள் இங்கு வித்தாக அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

எனினும், 1849இல் அவரது பணிக்காலம் நீட்டிக்கப்படவில்லை. பின்னர் பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் 1851 முதல் 1855 வரை நிகழ்ந்த 933 மகப்பேறுகளில் 8 பெண்களே இக்காய்ச்சலால் இறந்தனர். தம் அதிகாரம் செல்லுமிடத்தில் அவர் வெற்றி கண்டார். பிற இடங்களில் முறை பரவவில்லை. தம் கருத்தை விரிவாக விளக்கும் நூலை அவர் வெளியிட்டது 1861இல்தான். ஏற்க மறுத்த பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் எனச் சாடும் திறந்த மடல்களையும் அவர் எழுதினார். கட்டளையும் பழிச்சொல்லும் முறையை நிலைபெறச் செய்யவில்லை. அதன் விலையைச் செலுத்தியோர் பேராசிரியர்கள் அல்லர். மகப்பேற்றுக்கு வந்த பெண்களே.

மிச்சிகன்: பகிரப்பட்ட பொறுப்பு

கைகழுவுதலின் தேவை ஐயத்திற்கிடமற்றதான பின்னரும் சிக்கல் தீரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மையச் சிரைக் குழாய் வழியே இரத்தத்தில் தொற்று ஏற்படுவது தொடர்ந்தது. பீட்டர் ப்ரொனொவோஸ்ட் தலைமையில் 2003இல் மிச்சிகனில் தொடங்கிய கீஸ்டோன் திட்டம் ஐந்து செயல்களை வலியுறுத்தியது: கைகழுவுதல், முழுத் தடுப்பாடை அணிதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் தூய்மை செய்தல், இயன்றவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல். இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பன்று. நடைமுறைப்படுத்திய விதமே புதிது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் பொறுப்பேற்றனர். தேவையான பொருள்கள் ஒரே வண்டியில் வைக்கப்பட்டன. அவசரமற்ற நிலையில் முறை மீறப்பட்டால் மருத்துவரை நிறுத்த இயன்றது. தொற்று எண்ணிக்கை குழுவினருக்கே திரும்பத் தெரிவிக்கப்பட்டது. 103 பிரிவுகளின் தரவுகளைக் கொண்டு 2006இல் வெளியான ஆய்வின்படி, 1000 குழாய்-நாள்களுக்கு 7.7ஆக இருந்த சராசரித் தொற்று வீதம் 18 மாதங்களுக்குள் 1.4ஆகக் குறைந்தது.

இவ்வெற்றியைச் சரிபார்ப்புப் பட்டியலின் வெற்றியாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. மேரி டிக்சன்-வுட்ஸ் முதலியோர் 2011இல் எழுதிய ஆய்வு, பிரிவுகளுக்கிடையே உருவான தோழமையும், தொற்றைத் தவிர்க்கக்கூடிய சிக்கலாகக் காணும் பார்வை மாற்றமும் முதன்மையானவை என விளக்குகிறது. இங்கிலாந்தில் 2009 முதல் 2011 வரை மிச்சிகனைப் பின்பற்றி நிகழ்ந்த முயற்சியிலும் தொற்று குறைந்தது. ஆனால், திட்டத்தில் சேருமுன்னரே அங்குத் தொற்று குறைந்துவந்ததால், அக்குறைவைத் திட்டத்திற்கே உரியதாக்க இயலவில்லை.

முடிவுரை

வியன்னாவில் முறை ஒருவரின் அதிகாரத்தைச் சார்ந்திருந்தது. மிச்சிகனில் அது குழுவின் வழக்கமாயிற்று. செம்மல்வைஸின் தோல்வியைக் காலத்தின் அறியாமைக்கு மட்டும் உரியதாக்கினால், அறியாமை நீங்கிய காலத்திலும் தொற்று தொடர்ந்ததற்கு விளக்கம் கிடைக்காது. ஆகவே, மருத்துவ வரலாறு எழுதுவோர் எது எப்போது கண்டறியப்பட்டது என்பதோடு, அது எவரால், எத்தகைய ஏற்பாட்டால் நோயாளியின் படுக்கை வரை சென்றது என்பதையும் வினவுதல் இன்றியமையாததாகும்.