பீச் ஸ்டேஷன் பக்கத்து ஷேர் மார்க்கெட்

1920இல் தொடங்கி மூன்றே ஆண்டில் படுத்துவிட்ட மெட்ராஸ் பங்குச் சந்தை, 1937இல் ஜார்ஜ் டவுனில் மறுபடி எழுந்தது. அதே ஆண்டுதான் நம் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தது! 1931 முதல் ஓடும் பீச்–தாம்பரம் மின்சார ரயில் இரண்டையும் இணைத்தது.

1992இல் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளியானதும் சந்தை சரிந்தது. பிறர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் பலர் அடிபட்டார்கள். 1996இல் டீமேட் வந்தது. போலிப் பத்திரப் பயம் போச்சு. 2015இல் மெட்ராஸ் பங்குச் சந்தையே விடைபெற்றது. 'டிப்ஸ்' மட்டும் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

தம்பி, தங்கைகளே! யாரோ சொன்ன ஷேரை நம்பி சிங்கப்பூர் டூருக்குத் திட்டம் போடாதீங்க. கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிச்சிட்டு வாங்குங்க. டிப்ஸ் கொடுத்தவர் நஷ்டத்தில் பங்குக்கு வரமாட்டார்.