ஒரே ஷரீஅத், மூன்று வாயில்கள்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் முஸ்லிம் பெண்ணொருத்தியைக் கணவன் ஈராண்டு பராமரியாது கைவிட்டால், அவள் மணவிலக்குக் கோரி எவ்வாயிலை நாடுவாள்? 1939ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டப்படி அரசின் பொது நீதிமன்றத்தையே நாடவேண்டும். கும்பினியார் காலத்தில் நீதிமன்றங்களில் காஜிகள் அமர்ந்து ஷரீஅத் விளக்கம் அளித்தனர். 1864ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை அகற்றிற்று. 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் காஜி நியமனத்திற்கு மீண்டும் வழிசெய்தது. எனினும் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை.

கடல் கடந்தால் வழி மாறுகிறது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி இத்தகைய வழக்கைக் காதி விசாரிக்கிறார். மேல்முறையீடு காதிகள் சபைக்குச் செல்கிறது. வழக்கறிஞர் காதியின் முன் தோன்ற அச்சட்டம் இடந்தரவில்லை. செலவு குறையும், ஆனால் எளியவளுக்காகப் பேசவும் ஆளில்லை. காதிப் பதவியையும் அது ஆண்களுக்கே ஒதுக்கிற்று. சிங்கப்பூரிலோ 1958இல் தனி ஷரீஅத் நீதிமன்றம் தோன்றியது. வழக்கறிஞருக்கும் அங்கே இடமுண்டு.

மூன்று நாடுகளிலும் நடுவரை அமர்த்துவது அரசுதான். மன்றத்தின் பெயரைக் குறித்து நாம் நெடுங்காலம் வாதிட்டுவிட்டோம். நிக்காஹ் பேசும் நாளிலேயே நம் பெண்மக்களுக்கு அவ்வாயிலையும் அறிவித்து வைப்பது நம் கடமையாகும்.