மகள் தொடுத்த வழக்கு

வேலூருக்குத் தெற்கே, பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போன ஊர் ஆரணி. தமிழில் துப்பறியும் நாவலுக்கு ஆயிரக்கணக்கான வாசகர்களைப் பிடித்துத் தந்த ஆரணி குப்புசாமி முதலியார் பெயரிலேயே அந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆனந்தபோதினி' இதழின் ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கிலக் கதாசிரியர்களைத் தழுவி, 'இரத்தினபுரி இரகசியம்' முதலான நாவல்களை எழுதிக் குவித்தார். 1925இல் மறைந்தார்.

அந்தத் தலைமுறையின் குற்றக் கதைகளில் மகள் என்பவள் பெரும்பாலும் மீட்கப்பட வேண்டியவள். வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வில் அவள் தஞ்சாவூர் டெபுடி கலெக்டர் வீட்டுப் பெண். புகுந்த வீட்டில் சதி செய்து அவளைப் பணத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அப்பாவின் பதவியால் ஆகாததைத் திகம்பர சாமியார் துப்பறிந்து முடிக்கிறார். டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க, 1935இல் ராஜா சாண்டோ அதைப் படமாக்கினார். மேனகாவுக்குத் தந்தையோடு எந்த வழக்கும் இல்லை.

வழக்கைத் தொடுத்தவள் சாருமதி.

1987 தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் 'நாயகன்' பம்பாய் தாராவியில் நடக்கிறது. படத்துக்காக அந்தக் குடிசைப் பகுதியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பினார். தேசிய விருதும் வாங்கினார். பம்பாய் தாதா வரதராஜ முதலியாரின் சாயலில் எழுதப்பட்ட வேலு நாயக்கர் ஏழைகளுக்குத் தெய்வம். அவர் செய்யும் கொலைகளைக்கூட ஊர் நியாயப்படுத்திக்கொள்கிறது. தாயைக் கொலைக்குப் பறிகொடுத்த மகள் சாருமதியால் அது முடியவில்லை. அப்பாவின் தொழிலுக்குள் வந்த சகோதரன் சூர்யாவும் செத்த பிறகு அவள் வீட்டைவிட்டே போகிறாள். பின்னாளில் நாயக்கரைப் பிடிக்க வரும் போலீஸ் அதிகாரியின் மனைவியாக அவளை அவர் பார்க்க நேர்கிறது. நாயக்கரை நிஜமாக விசாரிப்பது சாருமதிதான், நீதிமன்றம் அல்ல. படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவளை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் தாதா கதை.

'மகாநதி' (1994) இன்னும் கொடியது. சீட்டு கம்பெனி மோசடியில் சிக்கிச் சிறைக்குப் போன கிருஷ்ணசாமி, வெளியே வந்து தேடும்போது மகள் கல்கத்தா சோனாகாச்சியில் விற்கப்பட்டிருக்கிறாள். மேனகாவின் கதைதான், ஆனால் மீட்கத் துப்பறியும் சாமியார் யாரும் இல்லை. தான் ஆசைப்பட்டுப் போட்ட கையெழுத்துக்கு மகள் விலை கொடுத்திருக்கிறாள் என்பது அந்தத் தகப்பனுக்குத் தெரியும். சிறையைவிடப் பெரிய தண்டனை அதுதான்.

2019இல் லோகேஷ் கனகராஜின் 'கைதி' இதையே ஒரே இரவுக்குள் சுருக்கியது. பத்தாண்டு சிறைக்குப் பின், முகமே பார்த்திராத மகள் அமுதாவைப் பார்க்க ஆசிரமத்துக்குக் கிளம்புகிறான் தில்லி. வழியில் போலீஸ் அவனை லாரி ஓட்ட வைக்கிறது. அமுதா சிறுமி. சிறைக்குப் போன காரணத்தை அவள் கேட்பதற்கு முன்பே படம் முடிந்துவிடுகிறது. சாருமதியின் வயதில் அவள் என்ன கேட்பாள் என்பதை யாராவது எழுத வேண்டும்.