விளக்கு வரியும் சேமிப்பு நிதியும்: திருச்சி, திருவரங்கம் நகராட்சிகளை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

உள்ளாட்சிகளின் மின்சிக்கனத்தைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு விளக்கம் நிலைபெற்றுவிட்டது. 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வழி திறந்தது. தொழில்நுட்ப அறிவும் அக்கறையும் போதாமல் நகராட்சிகள் பின்தங்கின என்பது அது. திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் நகராட்சிகளின் சட்ட வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் இவ்விளக்கம் தேறவில்லை. பணம் செல்லும் பாதை உள்ளாட்சிக்கு ஒரு படி முன்னதாகவே நின்றுவிடுகிறது என்பதே என் வாதம்.

2002 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 16ஆவது பிரிவு, மாநில எரிசக்தி சேமிப்பு நிதியை உருவாக்கச் சொல்கிறது. மத்திய, மாநில அரசுகளின் மானியமும் கடனும், பிற அமைப்புகளும் தனிநபர்களும் தருவதும் அதில் சேரும். சட்டத்தைச் செயல்படுத்தும் செலவுக்கு அது பயன்படும். நிர்வாகம் மாநில அரசின் விதிகள்படி நடக்கும். நகராட்சிக்குக் கொடுப்பதை இப்பிரிவு தடுக்கவில்லை என்று மறுப்போர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் தடை இல்லாததும் பங்கு உரிமை இருப்பதும் ஒன்றல்ல. சட்டத்தின் அட்டவணையில் அதிகம் ஆற்றல் செலவழிக்கும் துறைகள் 15 உள்ளன. ரயில்வே அதில் உண்டு. ஆகவே திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனை சார்ந்த துறை சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது. காவிரி, கொள்ளிடக் கிணறுகளிலிருந்து ஊருக்கே நீரேற்றும் உள்ளாட்சி அப்பட்டியலில் இல்லை.

அறிவுக்குறை வாதத்தை நேரடியாக மறுக்கும் சான்று, எரிசக்தித் திறன் பணியகம் 11ஆம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நடத்திய நகராட்சி மின்தேவை மேலாண்மைத் திட்டம். 175 உள்ளாட்சிகளை எடுத்துக்கொண்டு, 134க்கு விரிவான திட்ட அறிக்கைகள் தயாராயின. தெருவிளக்கில் எவ்வளவு மிச்சம், பம்பு மோட்டாரில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தேவைப்பட்டது முதலீடு. அதைத் தனியார் ஆற்றல் சேவை நிறுவனங்கள் போட்டு, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து மீட்டுக்கொள்ளும் என்று திட்டம் எதிர்பார்த்தது. கடன் தாங்கும் வலுவில்லாத நகராட்சியை நம்பி எந்த நிறுவனம் முதல் போடும்? இந்தக் கேள்வியைத் தொடாமல் உள்ளாட்சியின் அக்கறையின்மையைக் குறை சொல்வது நியாயமன்று.

அறிவுக்குறை வாதத்துக்கு எதிராக நான் வைக்க விரும்பும் பழைய சான்று, 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் சொத்துவரியின் உட்கூறாக வரும் விளக்கு வரி. 1994 வரை திருச்சியும் திருவரங்கமும் தனித்தனி நகராட்சிகளாக இச்சட்டத்தின் கீழேயே இயங்கின. எரிவாயுவாலோ மின்சாரத்தாலோ ஊருக்கு வெளிச்சம் தரும் செலவுக்காக இவ்வரியை விதிக்க முடிந்தது. மண்ணெண்ணெய் அதில் சொல்லப்படவில்லை. அன்றைய பெரும்பாலான தெருவிளக்குகளோ மண்ணெண்ணெயில் எரிந்தவை. புதிய விளக்குமுறைக்கு மாறும் நகராட்சிக்கு அந்தச் செலவைத் தானே திரட்டும் அதிகாரத்தைச் சட்டம் முன்கூட்டியே கொடுத்தது என்று இதை வாசிக்கிறேன். வரி திரட்டுவது, விளக்கேற்றுவது, செலவு குறைந்தால் பயனடைவது மூன்றும் ஒரே மன்றத்தின் கணக்கில் நின்றன. இது அதிகாரத்தைக் காட்டும் சான்று மட்டுமே. நடைமுறையைக் காட்டும் சான்று நகராட்சிகளின் வரவுசெலவு ஏடுகளில்தான் இருக்கும். என் வாசிப்பு அந்த அளவுக்கு வலுக்குறைந்ததே. இருந்தும், உள்ளாட்சிக்கு ஆற்றல் செலவைப் பற்றிய நிதிச் சிந்தனையே 2001க்குப் பிறகுதான் வந்தது என்போர் இந்த விதியை விளக்கியாக வேண்டும்.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 12ஆவது அட்டவணையின் 17ஆம் இனத்தில் தெருவிளக்கை நகராட்சிப் பணியாக எழுதியது. மறு ஆண்டே திருவரங்கமும் பொன்மலையும் திருச்சியோடு இணைந்து மாநகராட்சி ஆயின. மின்சாரம் பொதுப்பட்டியலிலும் உள்ளாட்சி மாநிலப் பட்டியலிலும் இருப்பதால், ஆற்றல் சட்டம் இயற்றும் மத்திய அரசு உள்ளாட்சியை மாநிலத்தின் ஊடாகவே அணுகுகிறது.

கூட்டாட்சி அமைப்பே இதற்குக் காரணம் என்று அதோடு விட முடியாது. அமெரிக்காவும் கூட்டாட்சிதான். 2007 டிசம்பரில் அங்கே நிறைவேறிய ஆற்றல் சட்டம், சிக்கனப் பணிகளுக்கான தொகுப்பு மானியத்தில் 68 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கும் 28 விழுக்காட்டை மாநிலங்களுக்கும் சட்ட வாசகத்திலேயே பிரித்தது. 2009இல் பொருளாதார மீட்புச் சட்டம் சுமார் 320 கோடி டாலர் தந்த பின்னரே அது உயிர்பெற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருச்சிக்குப் பணம் வேறு வாசல் வழியாக வந்தது. 2017 ஜூனில் மூன்றாம் சுற்றில் அந்நகரம் தேர்வான சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், பஞ்சப்பூரில் 2.4 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அதற்குக் கைகொடுத்தது நகர்ப்புற வளர்ச்சி நிதி. எரிசக்திச் சட்டத்தின் நிதி அன்று. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்திலும் முதலை ஈ.இ.எஸ்.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் போட, உள்ளாட்சி தவணையாகத் திருப்பிக் கட்டும் ஏற்பாடே இருந்தது.

உள்ளாட்சியின் சொந்த நிதியிலிருந்து திட்ட நிதிக்கு நகர்ந்த இம்மாற்றத்தை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது? மாநகராட்சி உருவான 1994இலிருந்தா, சட்டம் வந்த 2001இலிருந்தா? மூன்று நகராட்சிகளின் கணக்குகள் ஒன்றாகக் கலந்த முதலாவதையே நான் சார்கிறேன். விளக்கு வரியின் வசூல் ஏடுகள் வேறு விதமாகச் சொன்னால் அந்த ஆண்டை மாற்றிக்கொள்ள வேண்டிவரும்.