சிறு சொல்லும் பெரு நிலமும்

போலாரத்தில் பாசறைப் பக்கமாக நடந்து செல்பவரின் செவியில் விழும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. லைன், மெஸ், கேம்ப், போஸ்ட். சென்னை ராணுவத்தின் பட்டாளங்களோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் இப்பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், இச்சொற்களைத் தம் சொற்களாகவே ஏற்றுக்கொண்டன. லைன் என்றால் கோடு. சிப்பாய்களின் குடியிருப்பு வரிசையும் லைன். ரயில் பாதையும் லைன். ஒருவர் பார்க்கும் தொழிலும் லைன். போஸ்ட் என்பது தபாலாகவும் இருக்கும், கம்பமாகவும் இருக்கும், உத்தியோகமாகவும் இருக்கும், காவல் நிலையாகவும் இருக்கும். இடமறிந்து பொருள் கொள்வதில் எவருக்கும் இடர்ப்பாடு இருந்ததில்லை.

இடர்ப்பாடு என் போன்ற மொழிபெயர்ப்பாளருக்குத்தான். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், பழைய ஆவணம் ஒன்றை நண்பர் ஒருவர் உரக்கப் படிக்க, நான் செவிவழியே தமிழாக்கி வந்தேன். 'சீடட் டிஸ்டிரிக்ட்ஸ்' என்று அவர் படித்தார். நான் 'விதைக்கப்பட்ட மாவட்டங்கள்' என்று எழுதி வைத்தேன். மேலதிகாரி அதைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் "என்ன பயிர்?" என்று மட்டும் குறித்திருந்தார்.

குற்றம் என் செவியுடையது மட்டுமன்று. விதையைக் குறிக்கும் 'சீட்' என்ற சொல்லும், நிலத்தை விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும் 'சீட்' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் எழுத்தால் வேறு, ஒலியால் ஒன்றே. தமிழில் எழுதினாலோ எழுத்தாலும் ஒன்றாகி, உட்காரும் 'சீட்'டும் அவற்றோடு வந்து சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்த இரண்டாவது 'சீட்' சாதாரணச் சொல்லன்று. நாம் குடியிருக்கும் இந்த ஊரின் சரித்திரமே அதிலிருந்துதான் புறப்படுகிறது.

1798-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, ஹைதராபாத் நிஜாம் ஆங்கிலக் கம்பெனியின் துணைப்படை ஒன்றைத் தம் செலவில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இசைந்தார். அதற்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 24 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும். 1800 அக்டோபர் 12-ஆம் நாள் ஏற்பட்ட அடுத்த உடன்படிக்கையில், பணத்துக்குப் பதிலாக நிலமே கைமாறிற்று. 1792, 1799 ஆகிய ஆண்டுகளின் மைசூர்ப் போர்களால் நிஜாமுக்குக் கிடைத்திருந்த பல்லாரி, அனந்தப்பூர், கடப்பைப் பகுதிகள் கம்பெனிக்கு என்றென்றைக்குமாக விடப்பட்டன. இவையே அந்த 'சீடட்' மாவட்டங்கள். தாமஸ் மன்றோ இவற்றின் முதன்மைக் கலெக்டராக ஏழாண்டுகள் பணிபுரிந்தார். துணைப்படை தங்கிய பாசறையே, நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் செகந்திராபாத் ஆயிற்று.

தெலுங்கர்கள் அம்மாவட்டங்களைத் 'தத்த மண்டலம்' என்றனர். எனக்கு இது மிகவும் பொருத்தமாகவே படுகிறது. நீர் வார்த்துத் தத்தம் செய்துவிட்ட பொருளைத் திரும்பக் கேட்க முடியாதல்லவா? ஆனால் அங்கே வாழ்ந்த மக்களுக்கு, தாங்கள் எவராலோ எவருக்கோ கொடுக்கப்பட்டவர்கள் என்பதை நாள்தோறும் நினைவூட்டும் பெயர் எவ்வாறு இனிக்கும்? 1928-இல் நந்தியாலில் கூடிய மாநாட்டில் அப்பெயரை உதறி, 'ராயலசீமை' என்ற பெயரைச் சூடிக்கொண்டார்கள்.

போலாரத்தின் கதை இன்னொரு சொல்லைச் சார்ந்தது. துணைப்படையின் வேறாக, ஆங்கில அதிகாரிகளின் கீழ் நிஜாமின் செலவில் மற்றொரு படை வளர்ந்தது. 'ஹைதராபாத் கண்டிஞ்செண்ட்' எனப்பட்ட அப்படைக்குத் தலைமையிடம் போலாரம். அதன் சம்பளத்தை நிஜாமின் கஜானாவால் ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. கம்பெனி கடன் கொடுத்தது, கடன் வளர்ந்தது. 1853-இல் டல்ஹௌசிப் பிரபு அதற்கு ஈடாக நிலம் கேட்டார். பெராரை என்றென்றைக்குமாக விட்டுவிட நிஜாம் நாசிருத் தௌலா இணங்கவில்லை. ஆகவே இம்முறை உடன்படிக்கையில் 'சீட்' இல்லை. 'அசைன்' என்ற சொல் அமர்ந்தது. படைச்செலவுக்காக நிலம் ஒப்படைக்கப்படும், செலவு போக மிஞ்சும் வருவாய் நிஜாமைச் சேரும், உரிமை அவருடையதே.

உரிமை அவருடையது என்றால், திரும்பக் கேட்கவும் வழியுண்டு. திவான் முதலாம் சாலார் ஜங் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் விண்ணப்பங்கள் எழுதினார். 1876-இல் இங்கிலாந்துக்கே சென்றார். 1883-இல் அவர் காலமாகும்வரை பெரார் திரும்பவில்லை. எனினும், ஒரு சொல்லின் பிடிமானத்தில் ஒரு சமஸ்தானம் இத்தனை காலம் வழக்காடியதை எண்ணுங்கால், 1853-இல் சொல்லுக்காகப் பிடிவாதம் செய்த அந்த முதிய நிஜாமை நான் வியக்கவே செய்கிறேன்.

1902-இல் கர்சன் பிரபு மூன்றாவது சொல்லைக் கொணர்ந்தார். அது 'லீஸ்'. பெரார் முழுவதும் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு நிஜாம் மஹபூப் அலி கானிடமிருந்து குத்தகையாகப் பெறப்பட்டது. எத்தனை ஆண்டுகளுக்கு? என்றென்றைக்கும்! 1853-இல் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட அதே சொல், ஐம்பதாண்டுகள் கழித்துக் குத்தகையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது. இதைத் தமிழாக்கும்போது 'சாசுவதக் குத்தகை' என்றுதான் எழுதுகிறேன். தஞ்சைப் பக்கத்து நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். "கெடு இல்லாமல் குத்தகை ஏதய்யா? விற்றுவிட்டதாகவே எழுதுமே!" என்றார். விற்கவில்லை என்பதற்காகத்தானே அந்தச் சொல்லையே தேடிப் பிடித்தார்கள்!

அவ்வொப்பந்தத்தை அடுத்து, 1903-இல் கண்டிஞ்செண்ட் படை இந்திய ராணுவத்தில் கரைந்தது. போலாரம் செகந்திராபாத் பாசறையின் பகுதியாயிற்று. நிஜாம் உஸ்மான் அலி கான் 1923-இல் பெராரை மீண்டும் கேட்டார். 1926-இல் வைசிராய் ரீடிங் பிரபு அனுப்பிய மறுமொழி, மன்னர்பிரானின் மேலாண்மைக்கு முன் எந்தச் சமஸ்தானமும் சமதையாக நின்று பேச இயலாது என்று கண்டிப்பாகத் தெரிவித்தது. பிறகு 1936-இல் ஓர் இணக்கம் ஏற்பட்டது. அதன்படி நிஜாமின் மூத்த குமாரர் ஆஜம் ஜாவுக்கு 'பெரார் இளவரசர்' என்ற பட்டம் கிடைத்தது. ஆட்சி மத்திய மாகாணத்திடமே இருந்தது.