அமெரிக்கச் சிறப்புச் சரக்கு லாரித் தொழிலில் ஊதியச் செலவு (1935–1980)

திரவத் தொட்டிகள், புதிய கார்கள், வீட்டுப் பொருள்கள், பேரெடை இயந்திரங்கள் முதலியவற்றைச் சுமக்கும் லாரித் தொழிலை அமெரிக்கத் தொழில் வகைப்பாடு ‘சிறப்புச் சரக்கு’ எனப் பிரித்துக் காட்டுகிறது. இதில் ஏற்றல், கட்டல், இறக்கல், தொட்டி கழுவல் ஆகியவற்றில் ஓட்டுநரின் நேரம் மிகுதியாகச் செலவாகிறது. அந்நேரத்தின் ஊதியச் சுமையை ஏற்றவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1935ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டணத்தையும் புதிய நிறுவனங்களின் நுழைவையும் மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது. 1938ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம், மாநில எல்லை கடந்து ஓட்டுவோருக்கு மிகைநேர ஊதிய உரிமையிலிருந்து விலக்களித்தது. இக்குறையைத் தொழிற்சங்க ஒப்பந்தங்களே பெரிதும் ஈடுசெய்தன. ஜிம்மி ஹோஃபா தலைமையில் 1964இல் பொதுச் சரக்குக்கு நாடு தழுவிய ஒப்பந்தம் உருவாயிற்று. கார் ஏற்றிச் செல்வோர்க்குத் தனி ஒப்பந்தம் இருந்தது. போட்டி வரையறுக்கப்பட்டிருந்தமையால் உயர்ந்த ஊதியத்தை நிறுவனங்கள் கட்டணத்தில் சேர்க்க முடிந்தது.

1980ஆம் ஆண்டின் சட்டம் நுழைவைத் தளர்த்தியது. போட்டி பெருகியது, சங்கங்களின் வலிமை குன்றியது, சொந்த லாரி ஓட்டுநரை ஒப்பந்தத்தில் அமர்த்தும் வழக்கம் விரிந்தது. மைல் கணக்கு ஊதியத்தில் காத்திருக்கும் நேரத்திற்குப் பெரும்பாலும் கூலியில்லை. ஆகவே, நிறுவனக் கணக்கேட்டில் குறைந்த ஊதியச் செலவைச் சிக்கனம் எனக் கொள்வதினும், அதன் ஒரு பகுதி ஓட்டுநர் தலைமேல் மாற்றப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும்.