களப்பு நீரில் ஒரு கண்காணாப் பகைவன்

புத்தளக் கரையின் வரலாற்றை எழுதுவோர் உப்பையும் முத்தையும் ஒல்லாந்தர் கால்வாயையும் மறவாது குறிப்பர். நாம் இங்கு எழுத முற்படுவது அண்மைக்கால வரலாறு. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் பங்குகொண்ட வரலாறு.

1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இக்கரையில் இறால் பண்ணைகள் எழுந்தன. அந்நியச் செலாவணி என்ற சொல்லே அன்று மந்திரமாயிற்று. சிலாபம் முதல் புத்தளம் வரை கண்டற் காடுகளும் உவர்நிலங்களும் குளங்களாக வெட்டப்பட்டன. அனுமதியின்றி எழுந்த பண்ணைகளும் பல. புத்தளம், முந்தல், சிலாபம் ஆகிய களப்புகளை இணைக்கும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே பண்ணைகள் பல நீரை எடுத்தன. கழிவையும் அதிலேயே விட்டன. ஒருவன் குளத்து நோய் மற்றவன் குளத்துக்கு நீராகச் சென்று சேர்ந்தது. 1996இல் வெண்புள்ளி வைரசு பரவியபோது பண்ணைகள் அடுத்தடுத்து அழிந்தன.

நலிந்த இறாலை விப்ரியோ இனப் பற்றீரியாக்களும் எளிதிற் பற்றுகின்றன. அவற்றின் படைக்கலங்களுள் ஒன்று, புரதத்தை அறுக்கும் நொதியம். இருளில் ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி வெளியிடும் அத்தகைய நொதியம் ஒன்று புலி இறாலுக்குக் கொடிய நஞ்சென்றும், அதன் குருதி உறைவதைக் குலைக்கிறதென்றும் 1999இல் தைவான் ஆய்வாளர் காட்டினர்.

வேறு சில நொதியங்கள் பற்றீரியாவை உள்ளிருந்தே காக்கின்றன. வெப்பத்தாலும் பிற இன்னல்களாலும் உருக்குலைந்த புரதங்களை அவை வெட்டி அகற்றுகின்றன. சல்மொனெல்லாவில் அத்தகைய நொதியத்தின் மரபணுவைச் சிதைத்தபோது, எலிகளைக் கொல்லும் அதன் திறன் பெரிதும் குன்றியதென 1991இல் அறியப்பட்டது. இன்னலைத் தாங்கும் ஆற்றலும் நோய் விளைக்கும் ஆற்றலும் ஒரே வேரில் நிற்பதை இஃது உணர்த்துகிறது.

கோடையில் கடலினும் உப்பு மிகும் களப்பு, நெருக்கி அடைத்த குளம், கழிவு தேங்கிய கால்வாய்: இறாலை வாட்டும் இச்சூழலில், தன் பழுதைத் தானே நீக்கும் உயிர்க்கே வாய்ப்பு மிகுதி. அச்சூழலை ஆக்கியவர் யார்? விரைந்த இலாபம் நாடிய முதலும், அதற்கு வழிவிட்ட ஆட்சியுமே.

பண்ணைகளிற் பெரும்பகுதி கைவிடப்பட்டது. வெறுங்குளங்களில் நெல்லும் விளையாது. கண்டலும் எளிதில் தழையாது. மீன்குஞ்சுகளின் தொட்டிலான கண்டலை இழந்தோர், களப்பில் வலைவீசும் எளிய மீனவர். பின்னாளில் வலயம் வலயமாக முறைவைத்து இறால் வளர்க்கும் ஏற்பாடு வந்தது. பொது நீரைப் பொதுவிற் காக்க வேண்டுமென்பதை, ஒரு தொழில் சரிந்து வீழ்ந்த பின்னரே நாடு கற்றது.